தெரேசியாவின் பபாயும் திட்டத்துப் பீப்பாயும்

எங்கள் தீவில் குப்பை போதவில்லை என்பதுதான் அவர்கள் எங்களிடம் கண்டுபிடித்த முதல் குறை.

சின்ன விமானத்தில் வந்து இறங்கிய அன்றே டாக்டர் வின்ஸ்லோ வீடு வீடாகப் போய், சமையலறைக் கழிவு எங்கே என்று கேட்டார். மீன் முள் பன்றிக்குப் போயிருந்தது. தேங்காய் மட்டை அடுப்புக்குப் போயிருந்தது. சப்பிய தாழம்பழச் சக்கை, ஈரப்பலா இலை, நைந்த பாய் எல்லாம் பபாய்க் குழிக்குப் போயிருந்தன. மனிதர் ஆஸ்திரேலியாவிலிருந்து இதற்கென்றே புறப்பட்டு வந்தவர். ‘எளிதில் மக்காத வீட்டுக் கழிவை மக்க வைக்கும் திட்டம்’ என்று சட்டை முதுகிலேயே அச்சடித்திருந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எங்களுக்கே பாவமாகிவிட்டது. விருந்தாளியை ஏமாற்றி அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. ஆகவே மறுநாள் காலையில் ஆளுக்கு நாலு பச்சை ஓலையை வெட்டி வாசலில் போட்டுவைத்தோம். அவர் சந்தோஷமாகப் படம் பிடித்துக்கொண்டார். ‘கழிவு மேலாண்மை அறவே இல்லை’ என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

பபாய் என்றால் சேப்பங்கிழங்கின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பவளக்கல்லும் மணலும் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் நிலத்தில், நல்ல தண்ணீர் தட்டுப்படும் வரை குழி தோண்டி அதன் அடியில் நடுவோம். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் அடியில்லாத தாழைக் கூடை ஒன்று இருக்கும். அதற்குள் இலையும் மக்கும் போட்டு மிதித்து ஊட்டுவோம். எந்த இலை முதலில், எது காய்ந்த பின், எது அழுகிய பின் என்பது அந்தந்தக் குடும்பத்துக்குள் மட்டும் இருக்கும் சங்கதி. உயிர் நண்பனிடம்கூடச் சொல்லமாட்டோம். யாராவது குழிக்குள் இறங்கி ஊட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் போகிறவர்கள் தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு போவார்கள். நான் பார்க்கவில்லை, என் காதில் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். வாய் தவறி ஒருவர் பொது இடத்தில் அந்தப் பேச்சை எடுத்துவிட்டாலும் அப்படித்தான். எல்லாரும் சேர்ந்து இருமி அவர் மானத்தைக் காப்பாற்றிவிடுவோம்.

நான் மனியாபாவில், அதாவது எங்கள் ஊர்க்கூடத்தில், தேநீருக்குப் பொறுப்பு. மேடையில் பேசுகிறவனுக்குத் தன் பேச்சு மட்டும்தான் தெரியும். தேநீர்க்காரிக்கு எல்லார் பேச்சும் தெரியும்.

தெரேசியா என் அக்கா. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் இறந்துபோனாள். மகள் ரக்கேரா பிறந்த வாரம், பச்சை உடம்போடு குழியில் இறங்கி ஒரு பபாய் நட்டாள். ரக்கேராவின் கல்யாணத்தன்று தோண்டி, மனியாபாவில் பாய் நடுவே வைக்க வேண்டும் என்று அதை வளர்த்தாள். இலை வீட்டுக் கூரையை எட்டியது. சின்னக் கிழங்கெல்லாம் வருஷா வருஷம் தோண்டித் தின்றோம். அதை யாரும் தொட்டதில்லை. ரக்கேரா இப்போது தலைநகரில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அக்கா போன பிறகு அந்தச் செடிக்கு ஊட்டியது அவள் புருஷன் உபைத்தோய். கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் சாது. மனியாபாவில் கடைசித் தூணோரம் உட்காருவார். தூண் பேசினாலும் பேசும், அவர் பேசமாட்டார்.

முதல் பயிலரங்கின் தலைப்பு, ‘இலை என்றால் என்ன?’ வந்தவர்களுக்குப் பூமுடி சூட்டி, கழுத்தில் பவுடர் பூசி, வாசனை தெளித்து, ஜெபம் செய்து உட்கார வைத்தோம். தலைநகர் அதிகாரி கவுரே எழுந்து, கழிவை உரமாக்கி பபாயைக் காப்பாற்றும் திட்டத்தை விளக்கினார். எங்கள் ஆள்தான், எங்கள் மொழிதான் பேசினார். ஆனாலும் எங்களுக்குப் புரியவில்லை.

“நாங்க உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வரல. உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கோம். கத்துக்கிட்டு, அதையே உங்களுக்குச் சொல்லிக் குடுப்போம்” என்றார். கை தட்டினோம்.

பிறகு குழு வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாய் அகலத்துக்கு ஒரு தாள். குழிக்கு என்ன ஊட்டுகிறீர்கள் என்று அதில் எழுத வேண்டும். விருந்தாளி கேட்டதை இல்லை என்று சொல்வது அவமரியாதை. குடும்பச் சங்கதியைச் சொல்வது மானக்கேடு. கடைசியில் இரண்டுக்கும் பழுதில்லாத வழியை எல்லாரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். எல்லாரும் பொய் எழுதினார்கள்.

“கயிறு. உப்புல நல்லா ஊறின பழைய தோணிக் கயிறு” என்றார் உபைத்தோயின் சித்தப்பா தபாகா. ஊரில் மூத்தவர், பொய்யிலும் ஒரு கம்பீரம் உண்டு. அடுத்த குடும்பம் சுறாப்பல் என்றது. அதற்கடுத்தது புளித்த கள்ளும் சுண்ணாம்பும் என்றது. டாக்டர் வின்ஸ்லோ ஒவ்வொன்றுக்கும் “அற்புதம்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கடைசியாகத் தூணோரம் வந்தார். உபைத்தோயின் தாள் வெறுமையாக இருந்தது. டாக்டர் குந்தி உட்கார்ந்து ஏதோ கேட்டார். கவுரே மொழிபெயர்த்தார்.

“உங்க மனைவி தோட்டத்துல கெட்டிக்காரங்களாமே. அவங்க எப்படிச் செய்வாங்கன்னு கேக்கறார்.”

உபைத்தோய் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. அக்கா விடியும் முன் எழுந்து எந்த மரத்தடிக்குப் போவாள், எந்த இலையைப் பறிக்காமல் உதிரும் வரை காத்திருப்பாள், எதை மடித்து வைப்பாள், எதைக் கிழித்து வைப்பாள், ஊட்டும்போது என்ன பாட்டு முணுமுணுப்பாள், ரக்கேராவுக்குக் காய்ச்சல் வந்தபோது அழுதுகொண்டே ஊட்டினாளே, அன்றைக்கு என்ன சேர்த்தாள் என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பதறிப்போயிற்று. தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இருமினேன். தபாகா இருமினார். பிறகு மனியாபா முழுக்க இருமியது. ஆண்கள் இருமினார்கள், பெண்கள் இருமினார்கள், கைக்குழந்தைகள் பயந்து அழுதன. உபைத்தோய் எதையும் கவனிக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவர் கண் நனைந்திருந்தது. எங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

கவுரே டாக்டரிடம் திரும்பி மொழிபெயர்த்தார். “இலை போடுவாங்களாம்.”

டாக்டர் ‘இலை’ என்று எழுதிக்கொண்டார். அதன் கீழே கோடு போட்டு, ‘தீவில் நுரையீரல் நோய் மிக அதிகம்’ என்றும் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் நான் உபைத்தோயைப் பிடித்துக்கொண்டேன். “அத்தான், உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அக்காவோட முறைய ஊரு பூராவும் கேக்க ஒப்பிக்கிறீங்களே!”

“யாரும் கேக்கலியே, பெரேத்தா. எல்லாரும் இருமினாங்க.”

“இருமலேன்னா?”

அவர் கையிலிருந்த பூமுடியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். “அவளப் பத்தி ஒரு வார்த்த கேட்டார்மா. அவள எடுத்து அடக்கம் பண்ணினதுலேர்ந்து எங்கிட்ட யாரும் அவளப் பத்திக் கேட்டதில்ல. நீகூடக் கேட்டதில்ல.”

நான் தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது விமானத்திலிருந்து முதலில் இறங்கியவை இருமல் மருந்துப் பெட்டிகள். பிறகு முகமூடிகள். பிறகு கைப்பிடி வைத்துச் சுற்றக்கூடிய ஒரு பச்சைப் பீப்பாய். குடும்பங்கள் எழுதிய பொய்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, ‘தீவின் பொதுக் கலவை’ என்று வண்ணச் சுவரொட்டி அடித்திருந்தார்கள். தோணிக் கயிறு, சுறாப்பல், சுண்ணாம்பு, புளித்த கள், கொஞ்சம் இலை. பயிலரங்கின் தலைப்பு, ‘உங்கள் அறிவு உங்களுக்கே.’

“இது உங்க முன்னோர் சொத்து. இனிமே எல்லாக் குழியிலும் இதுதான். நாங்க வந்து பாப்போம்” என்றார் கவுரே. பிறகு அந்தக் கலவையைப் பீப்பாயில் நிரப்பிப் பூட்டுப் போட்டார். “சாவி தலைநகர்ல எங்கிட்ட இருக்கும். நீங்க தொறந்தா ஆராய்ச்சி விவரம் கெட்டுடும். பீப்பாய் உங்களோடதுதான். தெனம் சுத்தணும், அவ்வளவுதான்.”

பீப்பாயைச் சுற்ற உபைத்தோயை நியமித்தார்கள், அவர்தான் வேண்டாம் என்று சொல்லாதவர். மனிதர் தினமும் காலையில் வந்து, உள்ளே கயிறும் பல்லும் கடகடக்க அதைச் சுற்றிவிட்டுப் போவார்.

நான் தபாகாவிடம் கேட்டேன். “பெரியவரே, நீங்க நெசமாவே குழில கயித்தப் போடப் போறீங்களா?”

“என் வாயால சொன்னது. இப்ப இல்லைன்னா பொய்க்காரன்னு ஆயிடுமே.”

“பொய்தானே சொன்னீங்க?”

“அது விருந்தாளிக்கு முன்னாடி சொன்ன பொய்யி. அத மாத்த முடியாது” என்றார். போட்டார். எல்லாரும் போட்டார்கள். பபாய் இலைகள் ஓரத்தில் மஞ்சள் பூத்தன. நடுவில் மஞ்சள் பூத்தன. பெரிய அலை நாளில் கசிந்து வந்த உப்புத்தண்ணீரும் சேர்ந்துகொள்ள, ஒரு குழி மாற்றி ஒரு குழியில் செடிகள் சாய ஆரம்பித்தன.

சாய்ந்ததைவிடத் தின்றது அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியாள் வந்தால் மனியாபாவில் பபாய் வைக்காமல் முடியாது. வைக்கிற பபாய் வீட்டிலிருப்பதில் பெரியதாக இருக்க வேண்டும். பயிலரங்குக்கு ஒரு விருந்து, பயிலரங்கு எப்படி நடந்தது என்று பார்க்க வந்தவர்களுக்கு ஒரு விருந்து, பார்த்தவர்கள் சரியாகப் பார்த்தார்களா என்று பார்க்க வந்தவர்களுக்கு ஒரு விருந்து. பபாயைக் காப்பாற்ற வந்தவர்களுக்குப் போடப் போடக் குழிகள் காலியாகிக்கொண்டே வந்தன. “இந்தத் திட்டம் உங்ககிட்டேர்ந்து எதையும் எடுத்துக்காது” என்று கவுரே ஒவ்வொரு முறையும் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடியே சொல்வார்.

நிறைவு விழா என்று கடைசியாகச் சேதி வந்தது. பணம் கொடுத்த நாட்டிலிருந்தே பெரியவர்கள் வருகிறார்களாம். விருந்து முறை போட்டுப் பார்த்தால், தபாகாவின் வம்சத்து முறை.

தபாகாவின் குழியில் கயிறு மட்டும் செழிப்பாக இருந்தது. தம்பிமார் குழிகளில் கையளவுக் கிழங்குதான் மிச்சம். வம்சத்தில் பெரிய பபாய் என்று ஒன்றே ஒன்றுதான் நின்றது. உபைத்தோய் அதன் கூடைக்குள் பொதுக் கலவையில் ஒரு சுண்ணாம்புத் துளிகூட விட்டதில்லை. ஆள் நடமாட்டம் வருமுன் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு, அக்கா ஊட்டியதைத்தான் ஊட்டி வந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இருமிக்கொண்டே போனேன்.

தபாகா உபைத்தோயின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்; நானும் அங்கே இருந்தேன். நேரே கேட்கவில்லை. கடலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“நான் கேக்க மாட்டேண்டா” என்றார்.

“தெரியும் சித்தப்பா.”

“வெறும் பாயோட எல்லாரு முன்னாடியும் நம்ம வம்சம் உக்காந்திருக்கும். இருக்கட்டும். கெழவன் நான், தாங்கிக்குவேன்.”

நான்தான் குறுக்கே விழுந்தேன். “கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு! ரக்கேரா வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? வந்தவங்க வயித்துல போயிடுச்சும்பீங்களா?”

“ரக்கேராவோட வம்சந்தானே, பெரேத்தா. அது தலகுனிஞ்சு உக்காந்தா, இவளுக்கு எதப் பாயில வெச்சு என்ன?” என்றார் உபைத்தோய். இதைச் சொல்லும்போது தபாகாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிழவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுதாரா என்று தெரியாது. நான் இருமிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் தோண்டினார். கூடையின் இழையை வெட்டாமல் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கிழங்கை வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தண்டோடு தலைப்பகுதியை அரிந்து, அதே குழியில் திரும்ப நட்டார். அது முளைக்கும், ஆனால் அந்த அளவு வருவதற்குள் ரக்கேராவின் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும். கிழங்கை இரவெல்லாம் மண் அடுப்பில் வேகவைத்தோம். பபாய் சீக்கிரம் வேகிற சாதியில்லை.

விழாவில் அதை அரிவதற்கு முன், டாக்டர் வின்ஸ்லோ அளந்து பார்த்தார். பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். பணம் கொடுத்த நாட்டுப் பெரியவர் எழுந்தார். கவுரே மொழிபெயர்த்தார்.

“ஒரு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தீவுல மக்கு உரம்னா என்னன்னே தெரியாது. இன்னிக்கு இந்தக் கெழங்கப் பாருங்க. இது பீப்பாயோட வெற்றி. ஒரே வருஷத்துல!”

இருபது வருஷத்துக்கும் மேலாக வளர்ந்த கிழங்கைப் பார்த்துக் கை தட்டினோம். உபைத்தோயை முன்னால் கூப்பிட்டு, அவருக்கு ‘உர வீரர்’ என்று பட்டம் கொடுத்துப் பதக்கம் மாட்டினார்கள். சாது மனிதர் தலையாட்டினார்.

வந்தவர்கள் நிறையப் பேர்; கிழங்கு முழுவதையும் அரிந்து விருந்தாளிகளின் தட்டுகளிலேயே வைத்தோம். பெரியவர் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுப் புன்னகைத்தார். டாக்டருக்கு மாவுப்பொருள் ஆகாதாம். உடன் வந்தவர்கள், வெளிச் சாப்பாடு கூடாதென்று தலைநகரிலிருந்தே ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி மீந்ததை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். அக்காவின் கையால் ஆன ஒரு வாயாவது எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் நிகழ்ச்சியில் கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது: ‘எளிதில் மக்காத சமையலறைக் கழிவைப் பீப்பாயில் இடும் செயல்விளக்கம்.’

எங்கள் தட்டுகளில் ஒன்றுமில்லை. பன்றிகளிடமும் ஒன்றுமில்லை. கவுரே கழிவைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். விருந்தாளிகளின் தட்டுகள் கண்ணில் பட்டன.

“இதோ இருக்கே!” என்றார். பூட்டைத் திறந்தார். “உர வீரர் கையாலேயே போடட்டும்.”

உபைத்தோய் தட்டுகளை வாங்கினார். நான் போடாதீங்க என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. விருந்தாளி முன்னால் எப்படிக் கத்துவது? அவர் ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, கீழே விழுந்துவிடாமல் உள்ளே வைத்தார். எறியவில்லை, வைத்தார். கவுரே பூட்டினார். “சுத்துங்க” என்றார். அவர் சுற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. ‘தீவில் பபாய்ச் செடிகள் வேகமாகக் குறைந்துவருகின்றன; காரணம் கடல். இரண்டாம் கட்டமாகப் பக்கத்துத் தீவுக்குச் செல்லலாம்’ என்று அறிக்கை முடிந்ததாக வானொலியில் சொன்னார்கள். சாவியும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ரக்கேரா வந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வந்திறங்கியதும் குழிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், கேட்கவுமில்லை. அன்று மாலை உபைத்தோய் கத்தியை எடுத்துக்கொண்டு மனியாபாவின் பின்பக்கம் போய், பீப்பாயின் மூடியை நெம்பித் திறந்தார். நான் கூடவே போனேன். உள்ளே தோணிக் கயிறு தோணிக் கயிறாகவே இருந்தது. சுறாப்பல் சுறாப்பல்லாகவே இருந்தது. எளிதில் மக்காதது எதுவும் மக்கவில்லை. அவ்வளவு செலவு செய்து அந்தத் திட்டம் மக்க வைத்தது அக்காவின் பபாய் ஒன்றைத்தான். கயிற்றுக்கு நடுவே ஒரு கூடை அளவுக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது. உபைத்தோய் அதை விரலால் வழித்து வழித்து எடுத்தார்.

கல்யாணத்தன்று, பெண்ணின் அப்பா பபாய் வைக்க வேண்டிய நேரத்தில் அவர் கடைசித் தூணோரமிருந்து எழுந்து நடுவே வந்தார். பாயின் மேல் ஒரு தாழைக் கூடையை வைத்தார். கூடை நிறைய அந்தக் கறுப்பு மண். அதன் நடுவே, அன்று அரிந்து நட்ட தலை, அதிலிருந்து கிளம்பிய ஒற்றை இலையோடு. மாப்பிள்ளை வீட்டார் கூடையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தபாகா கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்கம்மா நட்டதும்மா. இவ்வளவுதான் இருக்கு” என்றார் உபைத்தோய்.

ரக்கேரா கல்யாணப் பாயை விட்டு எழுந்து வந்தாள். கூடை முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டாள். “இதுக்கு என்னப்பா ஊட்டணும்?” என்று கேட்டாள்.

அவர் மகள் பக்கத்தில் குனிந்து சொல்ல ஆரம்பித்தார். எந்த மரத்தடி, எந்த இலை, எது உதிரும் வரை காத்திருக்க வேண்டும், என்ன பாட்டு.

தபாகாதான் முதலில் இருமினார். பிறகு எங்கள் ஊர் முழுக்க இருமியது. மாப்பிள்ளை வீட்டார் வேறு தீவுக்காரர்கள். அவர்களும் புரிந்துகொண்டு இருமினார்கள். எனக்கு அந்த முறை தெரியும். என் அக்காவின் முறை, என் வீட்டு முறை. நான் இரும வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பாதி சொல்லும்போதே உபைத்தோயின் குரல் உடைந்துவிட்டது, ரக்கேராவும் அழ ஆரம்பித்துவிட்டாள். அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று, தேநீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாக நான் இருமிக்கொண்டிருந்தேன்.